கசியும் மண், அடைக்கும் மண்



மண்ணுக்குள் நீர் கசிவதைக் குறைக்க இயற்கை என்ன செய்கிறது, அதைப் பார்த்து மனிதர்கள் என்ன செய்யத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள். வற்புறுத்திச் சொல்ல வந்த கருத்து ஒன்றுதான். ஓட்டையை அடைக்கும் பொருளை, அந்த ஓட்டை வழியே கசிகிற நீரே சுமந்துபோய்ச் சேர்க்கும்படி செய்ய முடியும். அப்படிச் செய்தால் ஓட்டை எங்கே இருக்கிறதென்று நாம் துல்லியமாக அறிந்திருக்க வேண்டியதில்லை. நீருக்கு அது தெரியும்.

நெதர்லாந்தின் நடுப்பகுதியில் வேலுவே என்றொரு மணற்பாங்கான காட்டுப்பகுதி இருக்கிறது. பைன் மரங்களும் ஹெதர் புதர்களும் நிறைந்த நிலம். அங்கே இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிச் சுவரைப் பார்த்தால் மேலிருந்து கீழாக நிறம் மாறிக்கொண்டே வரும். மேலே மக்கிய சருகின் கருப்பு. அதற்குக் கீழே, சாம்பலைக் கொட்டி வைத்ததுபோல் வெளிறிய மணல். அதற்கும் கீழே திடீரென்று காப்பிப்பொடி நிறத்தில் ஓர் இறுகிய அடுக்கு. அதைத் தாண்டினால் மறுபடியும் மஞ்சள் மணல். பொட்சால் என்று மண்ணியலார் அழைக்கும் மண் இது. குளிரும் மழையும் மிகுந்த வடநாடுகளின் மணல் நிலங்களில் பரவலாகக் காணலாம்.

அந்தக் காப்பி நிற அடுக்கு எப்படி வந்தது? சருகு மக்கும்போது கரிம அமிலங்கள் உண்டாகின்றன. மழைநீரோடு கீழே இறங்கும் அவை, மேல்மணலில் இருக்கும் அலுமினியத்தையும் இரும்பையும் பற்றிக் கரைத்து எடுத்துக்கொண்டு போகின்றன. அதனால்தான் மேல்மணல் வெளிறிப்போகிறது. இறங்க இறங்க அந்த அமிலங்கள் மேலும் மேலும் உலோகத்தைப் பற்றுகின்றன. ஓர் அளவுக்கு மேல் பற்றியதும் அவற்றின் மின்னேற்றம் தணிந்துவிடும். நீரில் மிதக்க முடியாமல் திரண்டு, மணல் பரல்களின் மேல் படிந்துவிடும். நூற்றாண்டுக் கணக்கில், ஆயிரம் ஆண்டுக் கணக்கில் இது நடக்கிறது. சில இடங்களில் அந்த அடுக்கு வேர் நுழைய முடியாத அளவுக்கு இறுகுகிறது. ஜெர்மானிய உழவர்கள் அதை ஓர்ட்ஷ்டைன் என்பார்கள். மழைநீர் அதைத் தாண்ட முடியாமல் மேலேயே தேங்கும். அடியில் இருப்பதும் மணல்தான், மேலே இருப்பதும் மணல்தான். நடுவில் ஒரு சாண் அடுக்கு மட்டும் நீரை நிறுத்திவிடுகிறது.

இதைப் பார்த்து, தாமும் இப்படி ஓர் அடுக்கை உண்டாக்க வேண்டும் என்று நெதர்லாந்துப் பொறியாளர்களுக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை. அவர்களின் நாட்டில் பெரும்பகுதி கரைகளால் காக்கப்படுகிறது. அந்தக் கரைகள் பல இடங்களில் மணல் படுகையின் மேல் அமர்ந்திருக்கின்றன. 1995 ஜனவரி கடைசியில் ரைன் ஆறும் அதன் கிளைகளும் பெருக்கெடுத்தபோது சுமார் 2,50,000 பேரை வீடுகளை விட்டு வெளியேற்றினார்கள். கரைகள் அந்த முறை உடையவில்லை. ஆனால் நாட்கணக்கில் நீரில் ஊறிய கரை எப்போது இளகும், அடியில் எங்கே மணல் பறியும் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. காவிரிக் கரையில் வெள்ள இரவில் அரிக்கேன் விளக்கோடு காவல் நின்ற தலைமுறைக்கு அந்தப் பதற்றம் புதிதல்ல.

கசிவு தன்னளவில் ஆபத்தானதல்ல. மண்கரை என்றால் கொஞ்சம் கசியும். வெளியே வரும் நீர் தெளிவாக இருக்கும்வரை பொறியாளர் பொறுத்துக்கொள்ளலாம். அது கலங்கலாக வரத் தொடங்கினால், கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். வெளிப்பக்கக் கரையடியில் ஊற்றுக்கண் திறந்து, மணல் கொதித்து மேலே வரும். அந்த வாயிலிருந்து பின்னோக்கி, ஆற்றை நோக்கி, மண்ணுக்குள் ஒரு குழல் வளர்ந்துகொண்டே போகும். அது ஆற்றைத் தொட்டுவிட்டால் கரை போய்விடும். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் டீட்டன் அணை முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்தது. 1976 ஜூன் 5 காலை 7 மணி வாக்கில் அதன் வலப்புறத்தில் கலங்கல் கசிவைப் பார்த்தார்கள். நண்பகலுக்குச் சில நிமிடங்கள் முன்னர் அணை உடைந்தது. இடையில் 5 மணி நேரம்தான். புல்டோசர்களைக் கொண்டு துளையில் மண்ணைத் தள்ளிப் பார்த்தார்கள். புல்டோசர்களே துளைக்குள் போயின. 11 பேர் இறந்தார்கள்.

வழக்கமான மருந்துகள் உங்களுக்குத் தெரியும். இரும்புத் தகடுகளை வரிசையாக அடித்து இறக்குவது, சிமென்ட் பால் செலுத்துவது, பென்டோனைட் களியால் அகழிச் சுவர் கட்டுவது. எல்லாம் நல்ல முறைகள்தான். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கனரக இயந்திரம் கரைமேல் ஏற வேண்டும், செலவு மிகுதி, கரையோரம் வீடுகளும் மரங்களும் இருந்தால் வேலை நடக்காது. இன்னொன்று: சுவர் கட்டுவதற்கு முன் கசியும் இடம் எதுவென்று தெரிய வேண்டும். அதுதான் பெரும்பாலும் தெரிவதில்லை.

இங்கே கொஞ்சம் இயற்பியலுக்குள் போக வேண்டியிருக்கிறது. பிரான்சின் திஜோன் நகரக் குடிநீர்த் திட்டத்தை அமைத்த ஹென்றி தார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரை விட்டு அளந்து, 1856-இல் தன் விதியை வெளியிட்டார். நீர்மட்ட வேறுபாட்டுக்கும் மண்ணின் ஊடுருவு திறனுக்கும் ஏற்ப நீர் ஓடுகிறது என்பது அதன் சாரம். அந்த ஊடுருவு திறன்தான் வியப்பானது. அதே நீர்மட்ட வேறுபாட்டில், நடுத்தர மணலில் ஓடும் நீரில் லட்சத்தில் ஒரு பங்குதான் நல்ல களிமண்ணில் ஓடும். மணலும் களிமண்ணும் கொள்ளும் வெற்றிடத்தின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. களிமண்ணில் வெற்றிடம் கூடுதலாகவே இருக்கலாம். வேறுபாடு, வெற்றிடங்களை இணைக்கும் புழைகளின் அகலத்தில் இருக்கிறது. மெல்லிய குழல் ஒன்றின் ஆரத்தைப் பாதியாக்கினால் அதில் ஓடும் நீர் பாதியாகக் குறைவதில்லை, 16-இல் ஒரு பங்காகிறது. ஆகவே மணலின் வெற்றிடம் முழுவதையும் நிரப்ப வேண்டிய தேவையே இல்லை. பரலும் பரலும் தொடும் இடத்தில், புழையின் கழுத்தில், சிறிதளவு பொருள் அமர்ந்தால் போதும். பொட்சாலின் காப்பி நிற அடுக்கு அதைத்தான் செய்திருக்கிறது.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் திமோ ஹைமோவாராவின் குழு, ஆயிரம் ஆண்டு வேலையை நாட்கணக்கில் செய்ய முடியுமா என்று பார்த்தது. அலுமினிய உப்பு ஒன்று, நிலக்கரி வகைகளிலிருந்து எடுக்கும் ஹியூமிக் பொருள் ஒன்று. இரண்டையும் நீரில் கலந்து மண்ணுக்குள் செலுத்துவது. இரண்டும் சேர்ந்ததும் சிறு திரள்கள் உண்டாகின்றன. அந்தத் திரள்கள் மண்ணுக்குள் கொஞ்சதூரம் பயணம் செய்து, புழைகளில் சிக்கி நிற்கின்றன. ஆய்வகத்தோடு நிற்காமல் வெளிநிலத்திலும் செய்து, மண்ணின் ஊடுருவு திறன் வெகுவாகக் குறைவதைக் காட்டினார்கள்.

அலுமினிய உப்பு என்றதும் மாணவர்கள் ஏதோ புதிய வேதிப்பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். நம் வீடுகளில் கலங்கல் நீரில் போட்டுத் தெளிய வைக்கும் படிகாரம் அதுவே. குடிநீர் வாரியத்தின் சுத்திகரிப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகக் கொட்டுவதும் அந்த இனம்தான். ஏரி நீரின் பழுப்பு நிறத்துக்குக் காரணமான கரிமப் பொருளைப் படிகாரம் திரட்டித் தொட்டியின் அடியில் படிய வைக்கிறது. அங்கே அந்தப் படிவைக் கழிவென்று வாரி வெளியே கொட்டுகிறோம். டெல்ஃப்ட் குழு அதே படிவை மணலின் அடியில் உண்டாக்கி, அதையே அடைப்பாக்கிக்கொண்டது. பொருள் மலிவானது, இயந்திரம் எளியது, ஒரு குழாயும் ஒரு பம்பும் போதும். எனக்கு இந்த முறையின்மேல் தனிப் பற்று இருப்பதை மறைக்கப் போவதில்லை. அதன் காரணம் இந்த எளிமைதான்.

சிக்கல் எங்கே வருகிறது? செலுத்தும் குழாயின் வாயில். திரள்கள் பெரிதாகிவிட்டால் குழாயை ஒட்டிய மணலிலேயே அடைத்துக்கொள்ளும், அப்பால் போகாது. மிகச் சிறிதாக இருந்தால் எங்கும் தங்காமல் நிலத்தடி நீரோடு போய்விடும். உலோகத்துக்கும் கரிமத்துக்குமான விகிதம், கலக்கும் வேகம், நீரின் அமில காரத் தன்மை ஆகிய எல்லாவற்றையும் பொருத்தி, சரியான தொலைவில் திரள் தங்கும்படி செய்வதில்தான் கைத்திறன் இருக்கிறது. நீர் மிகவும் அமிலமாக இருந்தால் அலுமினியம் மீண்டும் கரைந்துவிடும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். கரைந்த அலுமினியம் வேர்களுக்கும் மீன்களுக்கும் கேடு. உவர்நீர், கிணற்று நீர் என்று ஒவ்வோர் ஊர் நீரிலும் தனித்தனியாகச் சோதிக்காமல் இதை யாரும் கையில் எடுக்கக் கூடாது.

படிகார வழி முதலாவது என்றால், இரண்டாவது வழி சுண்ணாம்பு வழி. கிணறு வெட்டும் தொழிலாளிகளுக்குச் சுக்காம்பாறை தெரியும். மண்ணுக்குள் சுண்ணாம்புச் சத்து படிந்து படிந்து இறுகிய அடுக்கு அது. கடப்பாரை பட்டால் வெள்ளைப் பொடி தெறிக்கும். அதை விரைவில் உண்டாக்கும் பாக்டீரியம் ஒன்று மண்ணிலேயே இருக்கிறது. ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்று பெயர். யூரியாவைச் சிதைக்கும் நொதியை அது ஏராளமாக உண்டாக்கும். யூரியா சிதைந்தால் கார்பனேட் கிடைக்கும். பக்கத்தில் கால்சியம் இருந்தால் இரண்டும் சேர்ந்து கால்சைட் படிகமாகி, பரல்கள் தொடும் இடங்களில் படியும். லியோன் வான் பாசன் 2010-இல் வெளியிட்ட டெல்ஃப்ட் சோதனையில் 100 கன மீட்டர் மணலில் இதைச் செய்து, 16 நாளில் அதில் ஏறத்தாழ 40 கன மீட்டரைக் கல்லாக்கிக் காட்டினார்கள். அமெரிக்காவில் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அலபாமாவில் கோர்காஸ் என்ற இடத்தில், ஏறத்தாழ 340 மீட்டர் ஆழத்தில் மணற்கல்லில் இருந்த வெடிப்பைச் சில நாட்களில் இதே முறையில் அடைத்தார்கள்.

படித்தவுடன் மனம் துள்ளும். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் மணலில் 100 கிலோ கால்சைட் படிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 60 கிலோ யூரியா வேண்டும். நம் உரக்கடையில் 45 கிலோ மூட்டை. அதாவது ஒன்றே கால் மூட்டைக்கும் சற்றுக் கூடுதல். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் ஆழம், 1 மீட்டர் தடிமன் கொண்ட ஒரு சிறு துண்டுக்கே 3 டன் யூரியா. அதோடு கதை முடியவில்லை. ஒவ்வொரு 100 கிலோ கால்சைட்டுக்கும் 36 கிலோ அம்மோனியம் நிலத்தடி நீரில் மிஞ்சும். அதைக் கழுவி வெளியே எடுக்காவிட்டால் பக்கத்துக் கிணறு கெடும். டெல்ஃப்ட் சோதனையிலும் அதைக் கழுவி வெளியேற்ற வேண்டியிருந்தது. குடிநீர்க் கிணறுகள் நெருக்கமாக உள்ள ஊர்களில் இந்த முறைக்கு நான் கை தூக்க மாட்டேன். பாறை வெடிப்பில் ஓர் அடைப்பு, சுரங்கச் சுவரில் ஓர் ஊறல் என்று சிறிய அளவில், வெளியேறும் நீரைப் பிடித்துச் சுத்தம் செய்ய முடிந்த இடங்களில் அது அருமையான கருவி.

இந்த வழியில் நம் தோட்டத்துக்குப் பழக்கமான ஒரு செடியும் வருகிறது. யூரியாவைச் சிதைக்கும் அந்த நொதி வாளவரை விதையில் நிறைய இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் 1926-இல் அந்த விதையிலிருந்துதான் உலகிலேயே முதன்முதலாக ஒரு நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். இளம்வயதில் வேட்டை விபத்தில் இடக்கையை இழந்தவர் அவர். பழக்கக் கையே இடக்கைதான். ஒற்றைக் கையால் குடுவைகளைப் பிடித்து ஆண்டுக்கணக்கில் உழைத்தார். நொதி என்பது புரதமே என்ற அவரது முடிவைப் பெரிய பெரிய அறிஞர்கள் நெடுநாள் ஏற்கவில்லை. 1946-இல் நோபல் பரிசு வந்தது. இன்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கவாசஞ்சியன் போன்றோர், பாக்டீரியாவை வளர்க்கும் தொல்லையே இல்லாமல், விதையிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டே மண்ணில் சுண்ணாம்பைப் படியவைக்கிறார்கள். நொதி கரைசலாக இருப்பதால் பாக்டீரியா நுழைய முடியாத நுண்ணிய மண்ணிலும் அது நுழையும். சோயா மாவிலும் தர்பூசணி விதையிலும்கூட அந்த நொதி கிடைக்கிறது. அம்மோனியச் சிக்கல் மட்டும் இங்கும் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது வழியில் வெளியிலிருந்து நுண்ணுயிரைக் கொண்டுவருவதில்லை. மண்ணில் இருப்பவற்றுக்கே உணவு போடுகிறார்கள். டெல்டாரெஸ் என்ற நெதர்லாந்து ஆய்வு நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் ஆஸ்திரியாவில் டான்யூப் ஆற்றின் கிரைஃபென்ஸ்டைன் பகுதிக் கரையில் இதைச் செய்து பார்த்தார்கள். கசிவு மிகுந்த இடத்தில் உணவும் மிகுதியாகச் சேர்கிறது. அங்கேயே நுண்ணுயிர் பெருகிக் கொழகொழப்பான படலமும் படிவும் உண்டாகிப் புழைகள் அடைபடுகின்றன. நான் தொடக்கத்தில் சொன்ன கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. உணவு தீர்ந்தால் படலம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதுதான் இதில் கேட்க வேண்டிய கேள்வி.

இவ்வளவும் ஐரோப்பா, அமெரிக்கா. நம் உழவர் நடவுக்கு முன் செய்வது என்ன? வயலில் நீர் கட்டி, தொளி உழவு ஓட்டி, கொழிஞ்சியும் புங்கந்தழையும் போட்டு மிதிப்பார்கள். உழவில் மண்கட்டி குலைந்து, களிமண் துகள் கலங்கி, பிறகு மெதுவாகப் படிந்து புழைகளை மூடும். காளையின் குளம்பும் கலப்பையின் அடியும் ஆண்டுதோறும் அழுத்தி அழுத்தி, ஒரு சாண் ஆழத்தில் இறுகிய தட்டு உருவாகும். மிதித்த தழை காற்றில்லாத சேற்றில் அழுகி நுண்ணுயிருக்கு உணவாகும். மேட்டூர் நீர் வந்ததும் முதல் சில நாட்கள் எவ்வளவு விட்டாலும் குடித்துக்கொண்டே இருக்கும் வயல், நட்டபின் நீரைப் பிடித்து வைக்கும். மேலே சொன்ன மூன்று வழிகளில் சுண்ணாம்பைத் தவிர மற்ற இரண்டின் கூறுகளும் அந்தச் சேற்றுக்குள் இருக்கின்றன. நம் வேளாண் கல்லூரியிலும் கட்டுமானப் பொறியியல் கல்லூரியிலும் இந்த ஒரே சேற்றை இரண்டு தனித்தனிப் பாடமாக நடத்துகிறோம். இரண்டு துறையும் ஒரே வயலில் இறங்கி நிற்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் விருப்பம்.

ஏரி தூர்வாரும் பணிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஏரியின் அடியில் படிந்த வண்டல்தான் அதன் தளம். கொள்ளளவைக் கூட்ட வேண்டும் என்று பொக்லைனை விட்டு அளவுக்கு மேல் வெட்டி, வண்டலைத் தாண்டி மணலைத் தொட்டுவிட்டால், கொள்ளளவு கூடும், நீர் நிற்காது. கசிவுநீர்க் குட்டை என்றால் அப்படி வெட்டுவதே சரி. அது நிலத்தடி நீரை ஊட்டுவதற்காக வெட்டியது. பாசன ஏரியில் அது பிழை. எந்த நீர்நிலை எதற்கு என்பதை மதிப்பீட்டுக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். கீழே உள்ள கிணறுகள் எல்லாம் ஏரியின் கசிவை நம்பித்தான் இருக்கின்றன என்றால், அந்தக் கசிவை அடைப்பது ஒருவர் நீரை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதாகும். ஊர்க்கூட்டத்தில் கேட்காமல் அதைச் செய்யும் உரிமை எந்தப் பொறியாளருக்கும் இல்லை.

கரைக்கு வருவோம். இளம் பொறியாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. வெளிச்சரிவில் ஈரம் தெரிந்தவுடன் அந்த இடத்தையே பூசி அடைக்கத் தோன்றும். அது மிகப் பெரிய ஆபத்து. வெளிவாயை அடைத்தால் நீர் கரைக்குள்ளேயே தங்கி அழுத்தம் கூடும். ஈரமாக இருந்த கரை சேறாகிச் சரியும். வெளிப்பக்கத்தில் நீருக்கு வழி விட வேண்டும். மண்ணைப் பிடித்து நீரை மட்டும் விடும் மணல், சரளை வடிகட்டி அங்கே இருக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் ஊற்றுக்கண்ணைச் சுற்றி மணல் மூட்டை வளையம் கட்டுகிறோமே, அதையும் முழுக்க நிறுத்தக் கட்டுவதில்லை; நீர்மட்டத்தை உயர்த்தி வேகத்தைக் குறைக்கத்தான் கட்டுகிறோம். படிகாரமானாலும் பாக்டீரியமானாலும் அடைப்பு நீர்ப்பக்கத்தில்தான் விழ வேண்டும். இயற்கை முறைகளின் நற்குணமே இங்கே கெடுதலாக மாறலாம்: நீர் தானே சுமந்து செல்லும் என்றோமே, திரள் நுண்ணியதாகிவிட்டால் அது வெளிப்பக்க வடிகட்டி வரை சென்று அதையும் அடைத்துவிடும்.

எனவே முதல் சோதனையை ஆற்றுக் கரையில் வைக்க வேண்டாம். உடைந்தாலும் யாருக்கும் தீங்கு வராத, கசிவு மிகுந்த ஒரு பண்ணைக் குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கக் கரையடியில் வரும் கசிவை ஒரு வாய்க்காலில் சேர்த்து, வி வடிவ வெட்டுத் தகடு வைத்து நாள்தோறும் அளக்கலாம். கரைக்குள் மூன்று இடத்தில் பீசோமீட்டர் குழாய் இறக்கி நீர்மட்டம் பாருங்கள். பக்கத்துக் கிணற்று நீரில் அலுமினியமும் அம்மோனியமும் சோதிக்க வேண்டும். ஒரு வடகிழக்குப் பருவம் முழுவதும் எதுவும் செலுத்தாமல் அளந்துவிட்டு, அடுத்த பருவத்துக்கு முன் நீர்ப்பக்கத்தில் செலுத்துங்கள். கசிவும் குறைந்து, கரைக்குள் நீர்மட்டமும் இறங்கினால் வேலை சரியான பக்கத்தில் நடந்திருக்கிறது. கசிவு குறைந்து, வெளிச்சரிவை ஒட்டிய குழாயில் மட்டம் ஏறினால் வடிகட்டி அடைபடுகிறது என்று பொருள். அன்றே பம்பை நிறுத்திவிட்டு, குட்டை நீரை இறக்கி, வடிகட்டியைத் திறக்க வேண்டும்.